பேச்சு நின்றால் பிடித்துக்கொள்

ரேடியோவுக்கு விமானத்தை ஒழுங்காக ஓட்டத் தெரியும். ஆனால் அதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. தப்பும் தவறுமாக ஓட்டுவதற்குத்தான் கொடுக்கிறார்கள்.

பயணிகள் யாரும் பதற வேண்டாம். அவர் ஓட்டுவது இரண்டே இருக்கை உள்ள சின்னப் பயிற்சி விமானம். பக்கத்து இருக்கையில் உட்காருகிறவரும் பயணி இல்லை, விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். விமானம் வானத்தில் தடுமாறி ஒருபக்கமாகச் சாய்ந்து விழப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது எப்படி, மீறி ஆகிவிட்டால் மீட்பது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒரு பயிற்சி இருக்கிறது. அந்தப் பயிற்சியைக் கொடுக்கப்போகிற வாத்தியார்களுக்கு முதலில் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டுமே. அந்த யாராவதுதான் நம் ரேடியோ. வாத்தியார்களுக்கே வாத்தியார் என்று சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. செய்கிற வேலை என்னவோ மக்கு மாணவனாக நடிப்பது.

மாணவன் இருக்கையில் அவர் உட்காருவார். வாத்தியார் இருக்கையில் பயிற்சிக்கு வந்த வாத்தியார். இவர் ஏதாவது ஏடாகூடமாகச் செய்வார். அவர் அதைக் கண்டுபிடித்து வாயால் சொல்லித் திருத்த வேண்டும், சட்டென்று கையை வைத்துவிடக் கூடாது. மாணவன் தானே சரிசெய்துகொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும். இனி தாங்காது என்கிற கட்டம் வந்தால் மட்டும் "கன்ட்ரோல் எங்கிட்ட" என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். சீக்கிரம் வாங்கினால் மாணவன் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டான். தாமதமாக வாங்கினால், கற்றுக்கொண்டதை வைத்து ஏதும் செய்ய அவன் இருக்க மாட்டான். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியைக் காட்டிக்கொடுப்பதுதான் ரேடியோவின் பிழைப்பு.

நடிப்பில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. எதற்கெடுத்தாலும் விமானத்தை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் மாணவன், "எல்லாம் தெரியும்" என்று சொல்லி எதையுமே பார்க்காத மாணவன், கீழே தன் வீட்டு மாடி தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கிற மாணவன் என்று ஆளுக்கேற்றபடி வேஷம் கட்டுவார். ஒரு தடவை காதல் தோல்வி அடைந்த மாணவனாக நடித்து, பக்கத்தில் இருந்த வாத்தியாரை அழவைத்துவிட்டார். அந்த வாத்தியார் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் விமானம் பாதி கவிழ்ந்துவிட்டதாம். இதை ரேடியோதான் சொன்னார், ஆகவே கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

பேர் எப்படி வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் ஓயாமல் பேசுவார். வண்டி நிறுத்துமிடத்தில் ஆரம்பித்தால், ஓடுபாதையில் பேசி, மேகத்தில் பேசி, இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும்வரை பேசுவார். அவர் மனைவி பல் டாக்டர். நாள் முழுக்க, வாயைத் திறந்து வைத்தும் பேச முடியாதவர்களோடு நிம்மதியாக இருந்துவிட்டு, வாயை மூட முடியாத ஒருவரிடம் வீடு திரும்புகிறவர். "ரேடியோவையாவது அணைச்சு வைக்கலாம்" என்பது அந்த அம்மாளின் நெடுநாள் கருத்து.

பாடம் ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. விமானத்தின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு வேகம் குறைந்தால் இறக்கைகள் காற்றில் பிடிப்பை இழந்துவிடும். விமானம் ஒரு பக்கம் சரிந்து தலையைக் கீழே தொங்கப்போடும். முன்கண்ணாடி முழுக்கத் தரை. அந்த நேரத்தில் எந்த மனிதனுக்கும் கை தானாக ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுக்கும். இழுத்தால் இன்னும் மோசம். முன்னால் தள்ள வேண்டும், தள்ளினால்தான் இறக்கைக்கு மறுபடி பிடிப்பு கிடைக்கும். ஆனால் விழுந்துகொண்டிருப்பதை இன்னும் கீழே தள்ளச் சொன்னால் எந்த வயிறு ஒத்துக்கொள்ளும்? அதனால் ரேடியோ முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்: "வயித்தைக் கேக்காதீங்க. தள்ளுங்க."

எப்போது கவிழ்ப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டுச் செய்தால் அதில் திடுக்கிட என்ன இருக்கிறது? அரட்டையின் நடுவே, எதிர்பாராத நேரத்தில் செய்வார். அப்படியும் அவரிடம் படித்த வாத்தியார்கள் ஒருவர்கூட அசந்ததில்லை. கவிழ்க்கும் முன்பே அவர்கள் கை ஸ்டிக்குக்குப் பக்கத்தில் வந்து காத்திருக்கும். என் ஆட்களைத் திடுக்கிட வைக்கவே முடியாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அந்தப் பெருமைக்கு ஒரு கடவாய்ப்பல் வினையாக வந்து சேர்ந்தது.

பல் வீங்கி, கன்னம் வீங்கி, கடைசியில் மனைவியின் நாற்காலியிலேயே போய்ச் சாய்ந்தார். டாக்டரம்மா பல்லைப் பிடுங்கிப் பஞ்சை அடைத்து, இரண்டு உத்தரவு போட்டார். மூன்று நாளைக்கு ஆகாயத்தில் ஏறக் கூடாது. இன்று முழுக்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. இரண்டாவது உத்தரவைச் சொல்லும்போது அந்த அம்மாள் முகத்தில் இருந்தது வைத்தியத்தின் அக்கறை மட்டும்தானா என்று ரேடியோவுக்குச் சந்தேகம்.

ஆகாயம் இல்லையென்றால் சிமுலேட்டர் இருக்கிறது. பெரிய கொட்டகைக்குள், இரும்புக் கால்களில் நின்று ஆடுகிற ஒரு வெள்ளைக் கூண்டு. உள்ளே நிஜ விமானத்தின் இருக்கைகள், முன்னால் வானத்தைக் காட்டும் திரை, பின்னால் எல்லாவற்றையும் இயக்குகிற இன்ஜினீயர். அந்த இன்ஜினீயர் பிஸ்கட் தின்றுகொண்டே புயல் வரவழைக்கிறவர். அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்தவர் சிக்கனம்.

சிக்கனம் காசில் இல்லை, பேச்சில். ரேடியோ வயதுதான் இருக்கும் அந்த அம்மாளுக்கு. பல வருஷம் சரக்கு விமானம் ஓட்டியவர். பெட்டிகளோடு பேச வேண்டிய அவசியம் இல்லாததால் அந்தப் பழக்கமே வராமல் போய்விட்டது என்று ரேடியோ கேலி செய்வார். கை அவ்வளவு சுத்தம், விமானம் அவரிடம் நாய்க்குட்டியாக நடந்துகொள்ளும். குறை ஒன்றே ஒன்று. மாணவன் தப்புச் செய்தால் சொல்லித் திருத்தாமல், தானே வாங்கி ஓட்டிவிடுவார். வாத்தியாருக்கு வாய்தான் முதல் ஸ்டிக் என்று ரேடியோ எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். அந்த வார வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசித் தேர்வு.

ரேடியோ ஒரு காகிதத்தில் "இன்று மௌனம். டாக்டர் உத்தரவு" என்று எழுதிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அதைப் படித்ததும் சிக்கனத்தின் முகம் வெளுத்தது. இவருக்குக் காரணம் புரியவில்லை.

விமானம் கிளம்பியது. இவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "கன்ட்ரோல் எங்கிட்ட" என்று வாங்கிக்கொண்டார் சிக்கனம். ஒன்றுமே நடக்கவில்லை, திருப்பிக் கொடுத்தார். இவர் தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கக் குனிந்தார். கன்ட்ரோல் எங்கிட்ட. இவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கன்ட்ரோல் எங்கிட்ட. மூக்கைச் சொறிந்ததற்குக்கூட வாங்கிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியோ திருதிருவென்று விழித்தார். பேச முடிந்திருந்தால் கூண்டே கிழிந்திருக்கும். பின்னால் இன்ஜினீயர் பிஸ்கட்டை வாயில் வைத்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை முறை அசடு வழிந்த பிறகு சிக்கனத்துக்கே வெட்கம் வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சரியாக அப்போதுதான் ரேடியோ நிஜமாகவே விமானத்தின் மூக்கை மெல்ல மெல்ல மேலே தூக்கினார். காற்றின் சத்தம் குறைந்தது, ஸ்டிக் தளர்ந்தது, கூண்டு லேசாக நடுங்கியது. பாடப்புத்தகத்தில் உள்ள எல்லா அறிகுறியும் வரிசையாக வந்து போயிற்று. சிக்கனம் எதையும் கவனிக்கவில்லை. கூண்டு ஒருபக்கம் சாய்ந்து திரை முழுக்கத் தரை வந்த பிறகு கையை நீட்டினார். திரை சிவப்பாகி அப்படியே நின்றுவிட்டது. சிமுலேட்டரில் அதற்குப் பேர் மோதல்.

பிறகு சிக்கனம் தன் வாழ்நாளிலேயே நீளமான வாக்கியத்தைச் சொன்னார்.

"நீங்க பேசிட்டே இருக்கிறவரைக்கும் ஒண்ணும் ஆகாது, பேச்சு நின்னா அடுத்த நொடி கவுக்கப்போறீங்கன்னு எல்லாருக்கும் தெரியும் சார், இன்னிக்கு நீங்க பேசவே இல்லையா, எனக்கு எதைப் பாக்கிறதுன்னே தெரியல."

ரேடியோ காகிதத்தை எடுத்து "எல்லாருக்கும் என்றால்?" என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

சிக்கனம் தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலிருந்து இன்ஜினீயர்தான் பதில் சொன்னார். அவருக்கே தெரியுமாம். பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு கோஷ்டியும் அடுத்த கோஷ்டிக்குக் கமுக்கமாகச் சொல்லிவிட்டுப் போகுமாம்: பேச்சு நின்னா பிடிச்சுக்கோ. இதைத் தெரிந்துகொள்ளாமல் ரேடியோவோடு ஏறினவர் யாருமே கிடையாதாம்.

அன்று பூராவும் ரேடியோ பேசவில்லை. டாக்டர் உத்தரவு மட்டும் அதற்குக் காரணம் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அவரிடம் படித்துப் போனவர்கள் இப்போது எங்கெங்கோ நிஜ மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜ மாணவன் கவிழ்க்கும் முன்னால் பேச்சை நிறுத்திச் சைகை கொடுப்பானா? காற்றின் சத்தத்தைக் கேட்கவும் ஸ்டிக்கின் தளர்ச்சியை உணரவும் பழக்க வேண்டிய ஆள், தன்னைக் கவனிக்கப் பழக்கி அனுப்பியிருக்கிறார். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம், பயிற்சி இல்லை.

மறுநாள் காலை, வாய் கொஞ்சம் வழிக்கு வந்ததும், நேரே தலைமைப் பயிற்றுநரின் அறைக்குப் போனார். எல்லோரும் அவரைச் சீஃப் என்பார்கள். ரேடியோவைவிட வயதில் சின்னவர், ரேடியோவிடமே படித்து மேலே வந்தவர். மேசைமேல் ஒரு தூசு இருந்தாலும் பொறுக்காத மனிதர். ரேடியோ நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சீஃப் மேசையில் இல்லாத தூசை விரலால் தள்ளிக்கொண்டே கேட்டார். பிறகு மெல்ல, தனக்கும் அது தெரியும் என்றார். பயிற்சிக்கு வருவதற்கு முந்தின நாளே ஒருவர் காதில் போட்டுவிட்டாராம்.

ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை. தெரிந்துமா சும்மா இருந்தீர்கள் என்று கேட்டார். எல்லோரும் நன்றாகச் செய்தார்கள், எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டதாகச் சீஃப் சொன்னார். சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிவிட்ட பிறகு அதைக் காதில் விழாததாக வைத்துக்கொள்ள முடியாதே. வெள்ளிக்கிழமை சிக்கனத்தின் தேர்வு நடக்கட்டும், விமானத்துக்குள் கேமரா வைப்போம் என்றார். ரேடியோ எந்தச் சைகையும் கொடுக்காமல் கவிழ்த்துக் காட்டினால், பழையபடி அந்த இருக்கை அவருக்கே. முடியாவிட்டால் வேறு பள்ளியிலிருந்து ஆள் வருவார். ரேடியோ வகுப்பறையோடு நின்றுகொள்ளலாம், போர்டு, சாக்பீஸ், பேசுவதற்கு வேண்டிய மட்டும் நேரம்.

மற்றவர்களுக்கு அது ஒரு தண்டனையாகவே தெரியாது. ரேடியோவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவர் பேசுவது உண்மைதான், ஆனால் பேச்சுக்காக உயிர் வாழ்கிறவர் இல்லை. அந்தச் சின்ன விமானத்தில், பக்கத்தில் ஒருவர் தடுமாறித் தெளிகிற அந்தக் கணத்தைப் பார்க்கத்தான் அவர் தினமும் காலையில் எழுந்து சவரம் செய்துகொள்கிறார். அது போனால் மிச்சம் இருப்பது வெறும் ரேடியோ.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. மகள் கல்லூரியில் கணக்குப் படிக்கிறவள், அப்பாவை ஓட்டுவதில் பட்டம் வாங்கிவிட்டவள். சாப்பாட்டு மேசையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, "பேசிட்டே இதைத் தட்டி விடுங்கப்பா. பேச்சு நிக்கக் கூடாது" என்றாள். ரேடியோ பக்கத்து வீட்டுக்காரரின் காரைப் பற்றி ஆரம்பித்தார். கார், அதன் சக்கரம், சக்கரத்தை மாற்றிய மெக்கானிக், மெக்கானிக்கின் மைத்துனன் என்று அமோகமாகப் போய்க்கொண்டிருந்தது. மைத்துனனுக்கு வேலை கிடைத்த இடத்தில் ஒரு கணம் பேச்சு நின்றது. மகள் தம்ளரைத் தூக்கிக்கொண்டாள். அடுத்த முறையும் தூக்கிக்கொண்டாள். அதற்கடுத்த முறை, உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி முகத்தைக்கூடத் திருப்பாமல் "இப்ப" என்று குரல் கொடுத்தார். தம்ளர் தப்பியது.

பாட்டுப் பாடிக்கொண்டே தட்டிப் பார்த்தார், பாட்டு நின்றது. ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே தட்டிப் பார்த்தார், எண்ணிக்கை நின்றது. சரி, குழப்பிவிடலாம் என்று, தட்டாமலே நடு நடுவே பேச்சை நிறுத்திப் பார்த்தார். மகள் அசையவே இல்லை. பொய்யாக நிறுத்தும்போது அப்பாவின் கண் அங்குமிங்கும் அலைகிறது, நிஜமாக நிற்கும்போது ஒரே இடத்தில் நிற்கிறது என்றாள். நம் காரை வாங்கிவிட்டு வந்து சொன்ன அன்றும் இப்படித்தான் நின்றது, அத்தை கடைசி நேரத்தில் ஊருக்கு வரவில்லை என்ற சேதியைச் சொன்ன அன்றும் இப்படித்தான் என்று மனைவி உள்ளிருந்து எடுத்துக்கொடுத்தார். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் தான் ஒரு திறந்த புத்தகமாக உட்கார்ந்திருந்தது ரேடியோவுக்கு அன்றுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை மாலை, மகள் வெளியே போயிருந்தபோது, டாக்டரம்மா அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். தம்ளரைத் தானே கையில் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கவனிச்சேன். பேச்சு நிக்கும்போது உங்க மூச்சும் நிக்குது" என்றார். "என் நாற்காலில உக்கார்றவங்களும் அப்படித்தான், ஊசியப் பாத்ததும் மூச்சைப் பிடிச்சுப்பாங்க. உங்களுக்குப் பயமா இருக்கு, அதான்."

ரேடியோ கோபித்துக்கொண்டார். தனக்கா பயம், எத்தனை ஆயிரம் முறை கவிழ்த்திருப்பேன் என்று கணக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். மனைவி குறுக்கே பேசவில்லை. பல் டாக்டர்களுக்கு ஒருவர் வாய் ஓயும்வரை காத்திருக்கத் தெரியும். கணக்கு பாதியில் தானாகத் தேய்ந்து நின்றது.

"இருக்கு" என்றார் ரேடியோ.

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். கவுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நொடி. அப்புறம் சரியாயிடும். வெளில சொன்னா யாரு எங்கூட ஏறுவா?"

டாக்டரம்மாவின் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை. "நீங்க கெளம்பிப் போற ஒவ்வொரு நாளும், இந்த வீட்டுல நான் ஒருத்திதான் பயந்துட்டிருக்கேன்னு நெனச்சேன்" என்றார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல. ரெண்டு பேருமா பயந்திருப்போம்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து ஓய்ந்ததும் டாக்டரம்மா தன் தொழில் ரகசியம் ஒன்றைச் சொன்னார். பயத்தை மூடி வைக்கப் பார்க்கிற நோயாளிதான் திடீரென்று கையைத் தட்டிவிடுவார். உள்ளே நுழையும்போதே பயமாக இருக்கிறது என்று சொல்லி, முடியும்வரை சொல்லிக்கொண்டே இருக்கிறவரால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆகவே இவரும் பயத்தை ஒளிக்க வேண்டாம். விமானத்தில் ஏறும்போதே சொல்லிவிடட்டும், இறங்குகிறவரை சொல்லிக்கொண்டே இருக்கட்டும். எப்போதும் பயம் என்றால் எப்போது கவிழ்ப்பார் என்று யார் கண்டுபிடிக்க முடியும்? ரேடியோ மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கையிலிருந்த தம்ளரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே, சொல் அறுபடாமல், அதைத் தட்டிவிட்டார். டாக்டரம்மாவின் மடி நனைந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அந்த அம்மாள் நனைந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆகாயம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கவிழும்போது பறக்கக்கூடிய பேனா, கடிகாரமெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, பாராசூட் வார்களை மாட்டிக்கொண்டு, மாணவன் இருக்கையில் ரேடியோ உட்கார்ந்தார். வாத்தியார் இருக்கையில் சிக்கனம். இருவருக்கும் நடுவே, மேலே, கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு.

"மேடம், எனக்குப் பயமா இருக்கு" என்று பெல்ட்டைப் பூட்டும்போதே ஆரம்பித்தார் ரேடியோ.

சிக்கனம் திரும்பிப் பார்த்தார். இது எந்த வேஷம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஓடுபாதையில் போகும்போது பயமாக இருக்கிறது என்றார் ரேடியோ. தரையை விட்டபோது சொன்னார். மேலே ஏற ஏறச் சொன்னார். மேகம் ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது, அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே வியப்பாக இருந்தது, மூச்சு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நன்றாக உயரம் வந்ததும், கீழே ஒரு நீர்த்தேக்கம் பளபளத்தது. அதைச் சுற்றித் திரும்பச் சொன்னார் சிக்கனம். ரேடியோ திரும்பினார்.

"அந்தத் தண்ணியப் பாத்தா இன்னும் பயமா இருக்கு மேடம், எனக்கு நீச்சல்கூடச் சரியா வராது" என்று சொல்லிக்கொண்டே, மூக்கைத் தூக்கி, அதைப் பக்கவாட்டில் திருப்புகிற பெடலைக் காலால் அழுத்தினார்.

பேச்சு நிற்கவில்லை. அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பேச்சின் உற்சாகத்தில் கால் கொஞ்சம் அதிகமாகவே அழுந்திவிட்டது. எச்சரிக்கை ஹாரன் அலறியது. இடது இறக்கை காலடியிலிருந்து யாரோ பலகையை உருவினாற்போல் விழுந்தது, விமானம் மல்லாக்கப் புரளப் பார்த்தது, கண்ணாடி முழுக்கத் தண்ணீர். சிக்கனத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரேடியோவுக்கும்தான். இவ்வளவு வேகத்தை அவரே எதிர்பார்க்கவில்லை.

ரேடியோவின் கை ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தது.

நடிப்புக்காக இழுக்கவில்லை. எத்தனையோ பேரை அதட்டித் திருத்திய அந்தக் கை, முதல் நாள் வந்த மாணவனின் கையாகி, முழுப் பலத்தோடு இழுத்தது. விமானம் உதறியது. அவருக்கு வாய் அடைத்துவிட்டது. தள்ள வேண்டும் என்று தலைக்குத் தெரிகிறது. தலை சொல்வது கைக்குப் போய்ச் சேரவில்லை.

சிக்கனத்தின் கை ஸ்டிக்குக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது. அவர் ஒருமுறை உயரத்தைப் பார்த்தார். கீழே இன்னும் நிறைய ஆகாயம் மிச்சம் இருந்தது. கையை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"தள்ளுங்க" என்றார்.

கை கேட்கவில்லை.

"சார், நான் இருக்கேன். வயித்தைக் கேக்காதீங்க. தள்ளுங்க."

அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. பெட்டிகளுக்குக்கூடக் கேட்கிற மாதிரி தெளிவான குரல். ரேடியோவின் கை தளர்ந்தது, பிறகு முன்னால் போயிற்று. உதறல் நின்றது. "இப்ப இறக்கையச் சமமாக்குங்க" என்றார் சிக்கனம், சமமாக்கினார். "மெதுவா தூக்குங்க" என்றார், தூக்கினார். தொடுவானம் தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தது. அதுவரை சிக்கனம் ஸ்டிக்கைத் தொடவே இல்லை.

இறங்கி ஓடுபாதையிலிருந்து திரும்பும்போது, நன்றாகச் செய்தீர்கள் என்று சிக்கனம் சொன்னார். ஒவ்வொரு மீட்புக்குப் பிறகும் மாணவனிடம் சொல்ல வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது, அதனால் சொன்னார்.

சீஃப் அறையில் மூவரும் உட்கார்ந்து கேமரா பிடித்ததைப் பார்த்தார்கள். கவிழ்க்கிற இடத்தில் சீஃப் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார். பேச்சு நிற்கவில்லை, மூச்சு நிற்கவில்லை, எந்தச் சைகையும் இல்லை. அவர் முகம் மலர்ந்தது. பிறகு ரேடியோ இழுக்கிற இடம் வந்தது. அதையும் இரண்டு முறை பார்த்தார்.

"பிரமாதம் சார். இந்த இழுப்பு இருக்கே, நெஜ மாணவன்கூட இவ்வளவு தத்ரூபமா இழுக்க மாட்டான்" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருக்கை கைக்கு வந்துவிடும், கௌரவமும் மிஞ்சும். சிக்கனம் எதுவும் சொல்ல மாட்டார், அவர் சுபாவம் அது. ரேடியோ திரையில் நின்றுபோயிருந்த தன் முகத்தைப் பார்த்தார். வாய் பாதி திறந்து, கண் பிதுங்கி, பார்க்கச் சகிக்கவில்லை.

"நடிப்பு இல்ல" என்றார். "பயந்துட்டேன். இழுத்துட்டேன். என்ன பண்றதுன்னு எனக்கு ஞாபகமே வரல."

சீஃப் பேனாவைக் கீழே வைத்தார்.

"காத்திருங்க, காத்திருங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருந்தேன்" என்றார் ரேடியோ. "பயந்து கெடக்கிறவனுக்காக ஒருத்தர் கையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு காத்திருந்தா, அவனுக்கு எப்படி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இவங்க காத்திருந்தாங்க. அவங்க வாங்கியிருந்தா என் கை இன்னும் நடுங்கிட்டு இருக்கும். இந்தம்மா வாத்தியார். நான் கையெழுத்துப் போடறேன். என் சீட்டை என்ன பண்ணணுமோ நீங்க பண்ணிக்குங்க."

சிக்கனம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்தது.

சீஃப் விரலால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேசையில் இல்லாத தூசு அன்றைக்கு நிறையச் சேர்ந்திருந்தது. வேறு பள்ளிக்கு ஆள் கேட்டு எழுதப் போவதில்லை என்றார் கடைசியில். பழைய ஆட்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட வேண்டும், ரேடியோ பாதிப் பேரை ஏற்றிக்கொள்ளட்டும், சிக்கனம் மீதிப் பேரை, யாரோடு யார் என்பது ஏறுகிறவரை யாருக்கும் தெரியக் கூடாது என்றார். சொல்லிவிட்டு எழுந்து, சட்டையில் செருகியிருந்த பேனாக்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார்.

எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று ரேடியோ கேட்டார்.

"வெளிச்சம் இன்னும் இருக்கு. மொதல்ல என்னக் கூட்டிட்டுப் போங்க சார்" என்றார் சீஃப். "நானும் உங்க பேச்சக் கேட்டுப் பாஸானவன்தான். ஒருநாள்கூட நெஜமா திடுக்கிட்டதில்ல. நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

ரேடியோ எழுந்து, அவர் உயரத்துக்குச் சரியான பாராசூட் எது என்று தேடப் போனார்.